வடக்கின் பெரும் போரும் திருத்தணி மார்க்க ரயிலும்

பட்டாபிராம், இந்துக் கல்லூரி, நெமிலிச்சேரி நிலையங்களில் மின்சார ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய்வரும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். 1904-இல் தொடங்கிய ஆட்டம் இது. பெயரில் கல்லூரி இருந்தாலும் இரண்டும் பள்ளிக்கூடங்கள்தான். ஆடுகிறவர்கள் 19 வயதுக்கு உட்பட்ட பையன்கள். மூன்று நாள், ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. 20 ஓவர் ஆட்டம் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இது ஆமை வேகம். ஆனாலும் வேலை நாளிலேயே திடலைச் சுற்றி ஆள் அடைத்துக்கொண்டு நிற்கும். டிவியில் முகம் தெரிந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாத இந்த ஆட்டத்துக்கு, டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவு போட்டுவிட்டு ஆள் வருகிறார்கள்.

கல்லூரி மேட்ச் என்றால் ஆடுகிற 22 பேர், இரண்டு அம்பயர், ஒரு பி.டி. சார் என்று பழகிப்போன சென்னைப் புறநகர் ரசிகருக்கு, வெளிநாட்டு ரசிகராகப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. பேசுகிற பாஷை தமிழ். சென்னையிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டர்கூட இல்லை.

இரண்டு பள்ளிகளுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். மத்திய கல்லூரியின் தொடக்கம் 1816-இல் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிகள் நடத்திய பள்ளிக்கூடம். 1834-க்குப் பிறகு பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அதைப் பெரிதாக்கினார். ஆறுமுக நாவலர் படித்ததும், பிறகு பாடம் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். பெர்சிவலின் பைபிள் தமிழாக்கத்துக்குக் கைகொடுத்த நாவலர், பின்னால் சைவத்துக்காக அந்த வேலையையே உதறிவிட்டு வெளியேறினார். பெர்சிவலும் யாழ்ப்பாணத்தில் நிற்கவில்லை. சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ பத்திரிகை நடத்தினார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். திருத்தணி மார்க்கத்திலிருந்து தினமும் மாநிலக் கல்லூரிக்குப் போகிற மாணவர் யாழ். மத்திய கல்லூரிக்கு முற்றிலும் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது.

சென். ஜோன்ஸை 1823-இல் நல்லூரில் தொடங்கியவர் சர்ச் மிஷன் சங்கத்தின் ஜோசப் நைட். பிறகு பள்ளி சுண்டிக்குளிக்கு நகர்ந்தது; 1891-இல் இன்றைய பெயர் வந்தது. பரியோவான் கல்லூரி என்று தமிழிலும் எழுதுவார்கள். ஒன்று கோட்டைக்கு அருகே, மற்றது பிரதான வீதியில். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் சில நிமிடத் தூரம்.

இந்தப் பகைக்கு உயிர் கொடுப்பது அந்த நெருக்கம்தான். வெவ்வேறு ஊர் அணிகள் என்றால் தோற்றவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் விஷயம் ஆறிவிடும். இங்கே ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே டியூசன் வகுப்பு. அண்ணன் மத்தியில் படித்திருப்பான், மச்சான் ஜோன்ஸில் படித்திருப்பான். ஆட்டம் முடிந்த மறுநாள் இரண்டு பேரும் ஒரே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். தோல்வியை அடுத்த மார்ச் வரைக்கும் சுமக்க வேண்டும். அதனால்தான் டிரா ஆனால்கூட யார் கை ஓங்கியிருந்தது என்று வருடம் முழுக்க வாதாடுகிறார்கள்.

போகும் வழி எளிதாகிவிட்டது. பலாலி விமானத்தளம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. ஓடுவது சின்ன ஏ.டி.ஆர். விமானம், ஏறி உட்கார்ந்து கடலைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ. பலாலியில் இறங்கினால் யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்குள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் விட்டார்கள். அது பருவநிலை பார்த்து ஓடுகிற கப்பல், நாள் குறித்துப் போகிறவர் அதை நம்பி டிக்கெட் போடுவது சரிவராது. பாஸ்போர்ட்டும் முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டிய பயண அனுமதியும் இல்லாமல் எதுவும் நடக்காது.

ஆட்டம் பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிகிறது. முதல் பந்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே நாள்தான் முடியும் என்கிறவருக்கு மூன்றாம் நாளே சரி. ஆட்டம் இரண்டாம் நாளிலேயே முடிந்துவிடுகிற ஆபத்து உண்டு. ஆனால் மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல், கடைசி ஜோடி கட்டை போட்டுக்கொண்டு நிற்க, எதிரணி ஏழெட்டுப் பேரைச் சுற்றி நிறுத்திவைத்துப் பந்து போட, திடலே மூச்சு விடாமல் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம் முதல் நாளில் கிடைக்காது.

திடல் மத்திய கல்லூரிக்குச் சொந்தம். எனவே எந்த ஆண்டும் ஒரு பக்கத்துக்கு இது சொந்த மண், இன்னொரு பக்கத்துக்கு வந்த இடம். யாழ்ப்பாணக் கோட்டை, முற்றவெளி, துரையப்பா விளையாட்டரங்கு, 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகம், எல்லாமே அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கிறவர்கள் தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாத யாழ்ப்பாண வெயில் ஆவடி வெயிலுக்குத் தம்பி இல்லை, அண்ணன்.

உள்ளே நுழையும் முன்பே காதில் விழுவது பப்பரே. இரண்டு மூன்று ட்ரம்பெட், ஒரு பெரிய மேளம், சில சின்ன மேளங்கள், ஜால்ரா. இலங்கையில் எந்தப் பள்ளியின் பிக் மட்ச்சும் (பரம எதிரிப் பள்ளியோடு ஆடும் வருடாந்தர ஆட்டம்) இது இல்லாமல் நடக்காது. ஒரு பைலா மெட்டு, அதன் வாலைப் பிடித்து ஒரு சினிமாப் பாட்டு, மறுபடி அதே பைலா. ஊதுகிறவர் கன்னம் பலூனாக உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை தாடையிலிருந்து சொட்டும், நிறுத்தமாட்டார். தொடர்ந்து ஆறு ஓவர் ஓட்டமே வராவிட்டாலும் மேளம் ஓயாது. ஆட்டம் மந்தமானால் கூட்டம் தூங்கிவிடும் என்பது 20 ஓவர் ஆட்டத்தை விற்கிறவர்கள் சொல்கிற காரணம். இங்கே மந்தமான நேரத்தில்தான் குத்தாட்டமும் பாட்டும் கூடுகின்றன. பந்தைப் பார்க்க வேண்டிய அவசியம் குறைகிறதே!

மாணவர்கள் ஒரு பக்கம் கொடிகளோடு. சென். ஜோன்ஸின் சிவப்பும் கறுப்பும் எட்டத்திலிருந்தே தெரியும். சதம் விழுந்தாலோ பெரிய விக்கெட் சாய்ந்தாலோ எல்லைக் கயிறு இருக்கிற இடம் தெரியாது. கொடியோடு உள்ளே ஓடி, ஆட்டக்காரனைச் சுற்றி ஒரு குத்து ஆட்டம் போட்டு, ஆசிரியர்களும் போலீசும் விரட்டிய பிறகு சாவகாசமாக வெளியே வருவார்கள். நிர்வாகத்துக்கு இது பிடிப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் கட்டுப்பாடு அறிவிக்கிறார்கள், ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஓடுகிறார்கள்.

பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பழைய மாணவர்கள். வெளியூர் ரசிகர் உட்கார வேண்டிய இடம் அவர்களுக்குப் பக்கம்தான். தலை நரைத்த கணக்காய்வாளர் ஒருவரை, அவரைவிட நரைத்த இன்னொருவர் பத்தாம் வகுப்புப் பட்டப்பெயர் சொல்லி “டேய்” என்று கூப்பிடுவது காதில் விழும். யார் எந்த ஆண்டு எத்தனை அடித்தார், எந்த அம்பயர் எந்தக் காலில் பட்ட பந்துக்கு அநியாயமாகக் கை தூக்கினார் என்ற கணக்கு முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தில் எழுதாத பாதிச் சரித்திரம் அந்தப் பந்தலில்தான் பேசப்படுகிறது. “தம்பி எந்த ஊர்?” என்று கேட்பார்கள். மெட்ராஸ் என்று சொன்னால் உடனே கச்சான் (நம் வேர்க்கடலை) சுருள் ஒன்று கைக்கு வரும், கூடவே தோனியைப் பற்றி ஒரு கேள்வியும் வரும்.

விற்பனைக்கு வருவது கச்சான், உப்புத் தூள் தடவிய மாங்காய், ஐஸ்பழம். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல். வயிற்றுக்குக் குறைவில்லை.

இனி, இரண்டு கல்விக்கூடங்களின் பகையில் வளர்ந்த இதே குடும்பத்து ஆட்டம் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. விளையாட்டு வேறு: பேஸ்பால். தொடங்கிய ஆண்டு 1903, யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு வருடம் மூத்தது. டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக மாணவர்கள், அப்போது கை தேர்ந்தவர்களாக இருந்த கேயோ பல்கலைக்கழக மாணவர்களுக்கு, எங்களோடு ஒரு ஆட்டம் ஆடி எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று மிகப் பணிவாக ஒரு கடிதம் எழுதினார்கள். பணிவுக்குள்ளே இருந்த சவால் கேயோவுக்குப் புரிந்தது. அந்த நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் கேயோ 11-9 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தது.

மூன்றே ஆண்டில் நிலைமை கைமீறியது. 1906-இல் மூன்று ஆட்டத் தொடர். முதலாவதில் ஜெயித்த கேயோ மாணவர்கள் கூட்டமாகப் போய் வசேதாவை நிறுவிய ஒகுமா ஷிகெனொபுவின் வீட்டு வாசலில் நின்று ஜெயகோஷம் போட்டார்கள். இரண்டாவதில் ஜெயித்த வசேதா மாணவர்கள் சும்மா இருப்பார்களா? கேயோவை நிறுவிய ஃபுகுசாவா யுகிச்சி குடும்பத்தின் வீட்டு முன்னால் போய் அதே காரியத்தைச் செய்தார்கள். மூன்றாவது ஆட்டம் நடந்தால் ரத்தம் பார்க்காமல் அடங்காது என்று இரு நிர்வாகமும் பயந்து, ஆட்டத்தையே ரத்து செய்தன. அதன்பின் 1925 வரை, 19 ஆண்டுகள், இரு பல்கலைக்கழகங்களும் பேஸ்பாலில் நேருக்கு நேர் நிற்கவில்லை.

1925-இல் திரும்ப வந்தபோது அது வெறும் ஆட்டமாக வரவில்லை, ஏற்பாட்டோடு வந்தது. வசேதா, கேயோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, டோக்கியோ பல்கலைக்கழகம் ஆகிய ஆறும் சேர்ந்து ஒரு லீக் அமைத்தன. அடுத்த ஆண்டே மெய்ஜி ஜிங்கு மைதானம் திறந்தது. வசந்தத்தில் ஒரு பருவம், இலையுதிர் காலத்தில் ஒரு பருவம். ஒவ்வோர் எதிரியையும் இரண்டு முறை ஜெயித்தால்தான் ஒரு புள்ளி. ஆளுக்கு ஒன்று என்றால் மூன்றாவது ஆட்டம். புள்ளிப் பட்டியல் எப்படி இருந்தாலும் பருவத்தின் கடைசி வாரம் வசேதா-கேயோ ஆட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோப்பை முந்தின வாரமே வேறொரு அணிக்குப் போய்விட்டிருந்தாலும் அந்த வாரத்துக்குத்தான் கூட்டம் கூடுகிறது.

ஜிங்கு மைதானத்துக்குப் போகிற வெளிநாட்டு ரசிகர் முதலில் கவனிப்பது ஆட்டத்தை இல்லை, ஆரவாரம் செய்கிறவர்களை. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடையில் மாணவர் குழு ஒன்று மேடையேறிக் கையசைத்து மொத்தக் கூட்டத்தையும் நடத்தும். பித்தளை வாத்தியங்கள் முழங்கும். உயரே ஒரு மாணவர் பெரிய பல்கலைக்கழகக் கொடியைத் தனியாளாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று எவ்வளவு அடித்தாலும் கொடி சாயக்கூடாது. தன் அணி மட்டை பிடிக்கும்போதுதான் கத்த வேண்டும். எதிரணி மட்டை பிடிக்கும்போது இவர்கள் உட்கார்ந்து அவர்கள் பாட்டைக் கேட்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எதிரிப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கூச்சல் எழுப்புவதும், அவர்கள் பதிலுக்கு எழுப்புவதும் முறை. 1906-இல் வீட்டு வாசலில் போட்ட அதே கூச்சல்தான்; இப்போது அதற்கு ஒரு மேடையும் நேரமும் முறையும் இருக்கின்றன.

சண்டை அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 1933-இல் கேயோவின் மிசுஹாரா ஷிகெரு, வசேதா ரசிகர்கள் வீசிய ஆப்பிள் துண்டைத் திரும்ப அவர்கள் பக்கமே எறிய, பெரிய ரகளையாகிவிட்டது. ஆனால் 1906 போல ஆட்டத்தை நிறுத்திவைக்க வேண்டிய நிலை வரவில்லை.

நிறுத்தியது யுத்தம். 1943-இல் அரசு லீக்கையே கலைத்தது. படிப்பை நிறுத்திப் பட்டாளத்துக்குப் போக மாணவர்களுக்கு உத்தரவு வந்தது. போவதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று கேயோ தலைவர் கொய்சுமி ஷின்சோ முயற்சி எடுத்தார். அக்டோபர் 16-ஆம் தேதி வசேதாவின் தொசுகா திடலில் ஆடினார்கள். வசேதா 10-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் எதிரியின் பாட்டை மாற்றிப் பாடிக்கொண்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. 1946-இல் லீக் மறுபடி தொடங்கியது.

யாழ்ப்பாணத்தின் திடலுக்கும் யுத்தம் தெரியும், அதுவும் பல மடங்கு நீளமான யுத்தம். கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த 1990-இல் அதன் நிழலிலேயே இருந்தது மத்திய கல்லூரி. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்து போனது. போர்க் காலத்தில் சில ஆண்டுகள் பெரும் போர் நடக்கவில்லை. நடந்த ஆண்டுகளிலும் எத்தனையோ பேர் ஊரில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த ஆட்டத்தின் மேல் ஏன் இவ்வளவு உயிராக இருக்கிறார்கள் என்று வியக்கிற ரசிகர் இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போன வீடு பலருக்கு இல்லை, தெருவின் முகம் மாறிவிட்டது, கூடப் படித்தவர்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் பழைய முகங்கள் இருக்கும் என்கிற உறுதி இந்த மூன்று நாளில் கிடைக்கிறது.

சென்னையில் கல்லூரி கிரிக்கெட் இல்லாமல் இல்லை. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள், அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரோகின்டன் பாரியா கோப்பை 1935 முதல் இருக்கிறது. ஆள் இல்லாமல் கிடப்பது ஆடுகளம் அல்ல, பார்வையாளர் பக்கம்தான். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாக்-அவுட் முறையில் இந்த ஆண்டு மோதிய கல்லூரி அடுத்த ஆண்டும் எதிரில் வரும் என்ற உறுதி இல்லை. மேட்ச் எங்கே, எப்போது என்பது கடைசி நேரத்தில்தான் முடிவாகும்; திடலும் மூன்றாவது ஆளுடையது. வகுப்பு நடக்கிற நாளில் வைப்பார்கள். வகுப்பில் இருப்பவருக்கு மேட்ச் நடந்ததே நோட்டீஸ் போர்டில் ஒட்டினால்தான் தெரியும். பட்டாபிராமில் கல்லூரி பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. தேதி குறித்து ஊரே காத்திருக்கிற ஒரு கல்லூரி ஆட்டம் அந்த மார்க்கத்தில் எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரியா டீம் மேட்ச்களைப் பார்த்தால் இது ஆசை இல்லாத ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில் காலி மனை கண்ட இடமெல்லாம் டென்னிஸ் பால் மேட்ச் நடக்கிறது. பெட் மேட்ச், கப் மேட்ச், மைக் செட், பேனர், பைக் மேல் ஏறி நின்று பார்க்கிற கூட்டம். ஏரியா என்றால் கத்தத் தெரிகிறது. கல்லூரி என்றால் கத்துவதற்கு இடம்தான் இல்லை.

இடம் இல்லாத அந்தக் கத்தல் எங்கே போகிறது என்று திருத்தணி மார்க்கத்தில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ரயில், பஸ் தடத்துக்கும் ஒரு ரூட்டு, அதற்கொரு ரூட்டு தல, கல்லூரிப் பெயரைச் சொல்லி ஜன்னலில் தட்டிப் பாடுகிற கானா, படிக்கட்டில் தொங்கி நடைமேடையில் கத்தியைத் தேய்த்துக்கொண்டு போகிற சாகசம், எதிர்க் கல்லூரி ஆள் ஏறுகிற நிலையத்தில் கல் வீச்சு. பஸ்ஸை மறித்து மேலேறி ஆடுகிற பஸ் டேவுக்கு நீதிமன்றம் வரை போய்த் தடை வந்தது. வழக்கு, கைது, கவுன்சிலிங் என்று காவல்துறை செய்யாத முயற்சி இல்லை. உயிர்ப்பலி வரைக்கும் போன பிறகும் அடங்கவில்லை. இது 1906-இன் டோக்கியோதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே ஒரு ஆட்டம் இருந்து, அதிலிருந்து சண்டை வந்தது. இங்கே ஆட்டமே இல்லாமல் சண்டை மட்டும் இருக்கிறது. யார் ஜெயித்தார் என்று சொல்ல ஸ்கோர் போர்டு இல்லாத பகைக்கு முடிவும் கிடையாது.

டோக்கியோவும் யாழ்ப்பாணமும் பையன்களை நல்லவர்களாக மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கவில்லை. அதே வயது, அதே சூடு. ஒரு நிலையான எதிரி, மாறாத தேதி, ஒரே திடல், பார்த்துக்கொள்ளப் பழைய மாணவர்கள் என்ற நான்கும் அங்கே இருக்கின்றன. ஸ்பான்சரும் நேரலையும் பிற்பாடு தாமாக வந்தவை. இரண்டு பழைய கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு நாள், விடுமுறை நாளாகப் பார்த்து, இரண்டில் ஒன்றின் திடலில் ஆடினால் பெரிய செலவில்லை. போலீஸ் பந்தோபஸ்து வேண்டியிருக்கும். இப்போது சென்ட்ரலிலும் ஆவடியிலும் நிற்கிற போலீசில் பாதி போதும்.

ஆட்டத்தின் தரம் என்ன என்று கேட்பவர்களுக்கு: மத்திய கல்லூரியின் லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2024 மே மாதம் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் சன்ரைசர்ஸுக்காகப் பந்து போட்டார். அப்படி மேலே போகிறவர் அபூர்வம். பெரும் போரில் ஆடுகிற 22 பேரில் அநேகமாக எல்லோருக்கும் அதுவே வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டம். டோக்கியோ லீக்கிலும் அப்படியே. ரிக்கியோவில் ஆடிய நகாஷிமா ஷிகெயோ பிறகு நாட்டின் மிகப் பெரிய பேஸ்பால் பெயராக ஆனார். அதே லீக்கில் நுழைவுத் தேர்வுப் புலிகள் நிறைந்த டோக்கியோ பல்கலைக்கழகம் தொடர்ந்து 94 ஆட்டம் தோற்று, 2015 மே மாதம்தான் ஒன்றை ஜெயித்தது. அத்தனை தோல்விக்கும் அவர்கள் கொடி பிடிக்கிற மாணவர் மேடையில் நின்றார்.

தமிழ்நாட்டு ரசிகருக்கு இலங்கை ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கைதட்டுவது புதிதும் இல்லை. மகாதேவன் சதாசிவம் 1947-இல் சேப்பாக்கத்தில் அடித்த 215 ஓட்டங்களைப் பற்றிப் பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ரசிகர்கள் சாகும்வரை பேசினார்கள். பின்னர் சென்னைக்கும் சிலோனுக்கும் இடையில், சென்னை ஆட்டக்காரர் எம்.ஜே. கோபாலன் பெயரில் கோப்பை வைத்து ஆடினார்கள்.

யாழ்ப்பாணம் போகிறவருக்குச் சில நடைமுறைகள். எந்தப் பக்கம் என்று உள்ளே நுழையும்போதே ஒருவர் கேட்பார். தெரியாது, பார்க்க வந்தேன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் சும்மா விடமாட்டார்கள், ஆளுக்கு ஒரு கொடி கையில் திணிப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது சௌகரியம். பிக் மட்ச் காலத்தில் பையன்கள் தெருவில் தொப்பியை நீட்டிக் காசு கேட்பது இலங்கைப் பள்ளிகளின் பழைய வழக்கம், சில்லறை வைத்திருந்தால் போதும். அரசியல் பேச்சைத் தானாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடங்கினால் கேட்டுக்கொள்ளலாம். கூட்டத்தை, குறிப்பாகச் சின்னப் பையன்களை, கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது.

மார்ச் முதல் பாதியில் பரீட்சையோ இன்டர்னல் டெஸ்டோ வந்து பெரும் போர் தவறிப்போனால், அதே பருவத்தில் சென். பற்றிக்ஸ் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் நடக்கிற ‘பொன் அணிகளின் போர்’ இருக்கிறது. கூட்டம் சற்றுக் குறைவு, உட்கார இடம் தாராளம். வட்டுக்கோட்டையில் இருந்த அமெரிக்க மிஷன் செமினரியின் வழி வந்தது யாழ்ப்பாணக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்கள்தான். இரண்டு ஆட்டங்களின் தேதிகளையும் பள்ளிகளும் பழைய மாணவர் சங்கங்களும் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. விமானத்தில் இடம் கொஞ்சம், அந்த வாரத்தில் ஊருக்குப் போகிற பழைய மாணவர்கள் அதிகம். ஆகவே தேதி வெளியான உடனே டிக்கெட் போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாபிராம் ரசிகர் ஒருவர்